கேஸ் உலைக்கு முட்டைப் பூச்சு

நீங்க நேராவே கேக்கலாம் தம்பி. திருநவேலியில பஸ் ஏறி உக்காந்ததுல இருந்து என் நெத்தியைப் பாக்கீங்க, அப்புறம் ஜன்னலைப் பாக்கீங்க, மறுபடியும் நெத்தியைப் பாக்கீங்க. இடது புருவம் இல்ல, அதானே? பிறவியிலேயே இல்லாதது இல்ல. இருந்துது. இப்பவும் வளந்துக்கிட்டுதான் இருக்கு. தொட்டுப் பாருங்க, முள்ளு முள்ளாத் தட்டுப்படும். வேண்டாமா, சரி.

அது சோடியம் சிலிக்கேட் பண்ணின வேலை. சிலிக்கேட் மேல தப்பு இல்ல, அவசரப்பட்டது நெருப்பு. சொல்லுதேன், மதுரை வரைக்குந்தானே போறீங்க? நான் கோவில்பட்டியில இறங்கிடுவேன், அதுக்குள்ள சொல்லி முடிச்சிரலாம்.

எனக்கு ஊரு அம்பாசமுத்திரம். பேரு சிவசைலம். தாலுகா ஆபீஸுக்கு எதுத்தாப்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஜெராக்ஸ் கடையில வேலை பாக்குறது மிஷினு, நாம பக்கத்துல நின்னாப் போதும். அப்படி நிக்கையில செல்போன்ல வீடியோ பாக்க ஆரம்பிச்சேன். வெளிநாட்டுக்காரன் ஒருத்தன், வயிறு வரைக்கும் தாடி, வீட்டுக்குப் பின்னால ஒரு இரும்பு டப்பாவுக்குள்ள கேஸை விட்டு, அதுல இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் கத்தி அடிக்கான். அவன் பேசுறது ஒண்ணும் புரியலை. செய்யிறது பூராவும் புரிஞ்சுது. எனக்கு ஒரே மக, வடிவு. அவளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருந்த நேரம். சீர்ல அரிவாமணை வைப்போம்லா, அது கடையில வாங்கினதா இருக்கக்கூடாது, அப்பன் கையால அடிச்சதா இருக்கணும்னு எனக்குத் தோணிட்டு.

வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். அவ பேரு மங்கை. கடையில நல்ல அரிவாமணையே கிடைக்குமேன்னா. கிடைக்கும், யாரு இல்லேன்னா? கடையில அப்பன் கிடைப்பானா? அவ அடுக்களைக்குள்ள போயிட்டா. அவளுக்குப் பதில் தெரியாட்டா உள்ள போயிருவா.

மொட்டை மாடியில உலையைக் கட்டினேன். பழைய இரும்புக் குழாயில ஒரு துண்டு, படுக்கப் போட்ட மாதிரி. ஓட்டல் அடுப்புக்குப் போடுற பர்னர். உள்ளுக்குள்ள சுத்தி செராமிக் கம்பளி. கம்பளின்னா போத்துற கம்பளி இல்ல, பஞ்சு மாதிரி இருக்கும், ஆனா எவ்வளவு சூட்டையும் தாங்கும். பிரச்சினை என்னன்னா, அந்தப் பஞ்சு தூசியாப் பறக்கும். மேல பட்டா அரிக்கும், மூச்சுல போனா நெஞ்சுக்கு ஆகாது. அதனால அதுக்கு மேல ஒரு பூச்சு பூசணும். கோட்டிங். வீடியோக்காரன் ஒரு பூச்சு வச்சிருக்கான், சின்ன டப்பா. விலையைப் பாத்தேன், செல்போனை மூடி வச்சிட்டேன். நம்ம ஊருல கிடைக்கிறதை வச்சு, சல்லிசா ஒரு பூச்சைக் கண்டுபிடிச்சிட்டா, நாளைக்கு ஊரு உலகத்துக்கே பிரயோசனம். உங்க வீட்டுலயும் நீங்க ஒரு உலை கட்டலாம். கட்டுவீங்களா? யோசிங்க, அவசரம் இல்ல.

முதல்ல முல்தானி மிட்டி. வடிவு முகத்துக்குப் பூசுறது. மண்ணுதானே, மண்ணு வேகாதான்னு, அவ டப்பாவைக் காலி பண்ணிக் குழைச்சுப் பூசினேன். பளிங்கு மாதிரி இருந்துது. நெருப்பைக் காட்டினதும் கோடைக் குளம் மாதிரி வெடிச்சுப் பேந்துட்டு. வடிவு ஒரு வாரம் எங்கூடப் பேசலை. அவளுக்கும் பூச்சு சரியா வரலையேன்னு வருத்தம்.

அடுத்து விபூதி. சாம்பல்னா ஏற்கெனவே எரிஞ்சது, இனி அது எரிய என்ன இருக்குன்னு ஒரு கணக்கு. கோயில்ல வாங்கிச் சேத்து வச்சிருந்த பொட்டலம் எல்லாத்தையும் பிரிச்சுக் குழைச்சேன். பர்னரைத் திறந்ததும் ஒரே ஊது, அவ்வளவு விபூதியும் என் மேல. மாடிப்படியில இறங்கி வாரேன், கீழ்வீட்டு ஆச்சி சாமியாருன்னு நினைச்சுக் கும்பிட்டுட்டாவ.

அப்புறம்தான் சிலிக்கேட். சோப்பு காய்ச்சுறவங்க வாங்குற சரக்கு, பாகு மாதிரி இருக்கும். அதைப் பூசிட்டு மெள்ள மெள்ள உலரவிடணும். நான் பூசின கையோட பத்த வச்சேன். எண்ணெயில போட்ட பூரி மாதிரி உப்பிக்கிட்டு வந்துது தம்பி. பாக்க அழகுதான். பக்கத்துல குனிஞ்சு பாத்தேன். அடைச்சுக்கிட்ட வாயில இருந்து தீ சடார்னு வெளிய வந்து, புருவத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டு.

இதுல இருந்துதான் மங்கை என்னைய 'கோட்டி'ன்னு கூப்பிட ஆரம்பிச்சா. நீங்க வெளியூரு, உங்களுக்குத் தெரியாது, எங்க பக்கம் கோட்டின்னா பைத்தியம். ஆனா அவ அந்த அர்த்தத்துல சொல்லலை. கோட்டிங்குங்கிறதைத்தான் செல்லமாச் சுருக்கிச் சொல்லுதா. இப்ப தெருவே அப்படித்தான் கூப்பிடுது. ஒரு வேலையில பேரு வாங்கிட்டா அப்படித்தான்.

இந்த நேரத்துல வடிவுக்கு வந்த ரெண்டு இடம் தட்டிப்போச்சு. வீட்டுக்கு வந்தாவ, மாடியில என்ன புகைங்கன்னு கேட்டாவ, விவரமாச் சொன்னேன், காப்பியைக் கூடக் குடிக்காம எந்திரிச்சிட்டாவ. ஜாதகம் பொருந்தலைன்னு அப்புறம் தகவல். அவங்க ஜாதகமே வாங்கலை, அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை.

மூணாவதா வந்தது கோவில்பட்டி இடம். பையன் குமரகுரு, தூத்துக்குடியில வேலை. நல்ல பையன். அவங்க அப்பா தெய்வநாயகம், ஊருல திருமுறை மன்றத்துக்குத் தலைவரு. புலால் மறுத்தல்னு தலைப்புக் கொடுத்தா, தண்ணி கூடக் குடிக்காம ரெண்டு மணி நேரம் பேசுவாவ. நாங்களும் சைவந்தான், ஆனா அவங்க சைவம் வேற மாதிரி. கேக்கு வாங்கினா, அதுல முட்டை இருக்கான்னு கடைக்காரனைச் சத்தியம் பண்ணச் சொல்லுவாவளாம் அவங்க வீட்டம்மா சிதம்பரவல்லி. ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வாரோம்னு தகவல் வந்துது. மங்கை என்னைய உக்கார வச்சு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் உலைங்கிற வார்த்தை உங்க வாயில இருந்து வரக்கூடாதுன்னா. சொல்லும்போது கண்ணு கலங்கிட்டு. எனக்கும் சங்கடமாப் போச்சு. சரின்னு சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

சத்தியம் வார்த்தைக்குத்தானே. கை சும்மா இருக்குமா? அந்த வாரந்தான் காரைக்குடிப் பக்கத்துக் கொத்தனார் ஒருத்தர் ஏதோ பத்திரம் ஜெராக்ஸ் எடுக்க வந்தாரு. அந்தக் காலத்துச் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்லாம் இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கே, எப்படின்னு கேட்டேன். சுண்ணாம்புல கடுக்காய்த் தண்ணி, கருப்பட்டித் தண்ணி, அப்புறம் முட்டையோட வெள்ளைக்கருன்னாரு. நூறு வருஷம் நிக்கிற பூச்சு, எல்லாமே மலிவான சாமான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

ஆனா முட்டை. பிறந்ததுல இருந்து நான் முட்டையைக் கையால தொட்டதில்லை தம்பி. துண்டால முக்காடு போட்டுக்கிட்டு நாலு தெரு தள்ளிப் போய், வெள்ளைக்கரு மட்டும் தனியாக் கிடைக்குமான்னு கேட்டேன். கடைக்காரரு முறைச்சாரு. முழுசாத்தான் வாங்கணுமாம். வாங்கிட்டு வந்து, ஞாயித்துக்கிழமை காலையில மாடியில உக்காந்து உடைச்சு, வெள்ளையை எடுத்துக்கிட்டு, மஞ்சளையெல்லாம் ஒரு தூக்குவாளியில ஊத்தி மூடி வச்சேன். தென்னை மரத்துக்கு உரமாப் போடலாம்னு. பூச்சைப் பூசினேன். வெண்ணெய் மாதிரி வந்துது. சிலிக்கேட்ல பட்ட பாடு ஞாபகம் இருந்ததால, மெள்ள உலரட்டும்னு பர்னரை ரொம்பச் சின்னதா வச்சிட்டு, உலை வாயைக் கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு இரும்புத் தகட்டால மூடினேன். அவங்க சாயந்திரந்தானே வாராவன்னு நினைச்சுக் குளிக்கப் போனேன்.

அவங்க மத்தியானமே வந்துட்டாவ. ராகுகாலத்துக்கு முன்னால பாத்திரணுமாம்.

நான் அவசரமா வேட்டியை மாத்திக்கிட்டு வந்து உக்காந்தேன். கேசரி வந்துது, பஜ்ஜி வந்துது. வடிவு வந்து கும்பிட்டுட்டு உள்ள போனா, பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே பாக்கிற எல்லாத்தையும் பாத்துக்கிட்டான். தெய்வநாயகம் சம்பந்தி, அப்ப சம்பந்தி ஆகலை, இருந்தாலும் அப்படியே சொல்லுதேன், உயிர்களிடத்துல அன்புங்கிறதைப் பத்திப் பேச ஆரம்பிச்சாவ. அருமையான பேச்சு. பாதியில நிறுத்திட்டாவ. மூக்கு லேசா மேல போச்சு.

எனக்கும் வந்துது. பஸ் ஸ்டாண்டுல பரோட்டாக் கடை வாசல்ல போகையில வருமே, அந்த வாசம். முட்டை வேகிற வாசம். அதுக்கு அடியில லேசாக் கருப்பட்டி வாசமும் இருந்துது, ஆனா அதைக் கவனிக்கிற நிலைமையில யாரும் இல்ல. சிதம்பரவல்லியம்மா டம்ளரைக் கீழ வச்சிட்டாவ. மங்கை சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. முகத்துல ரத்தமே இல்ல. எனக்கு அப்பதான் பயம் வந்துது. போச்சு, மூணாவதும் போச்சுன்னு. உலைன்னு சொல்ல மாட்டேன்னு சத்தியம் வேற. அதனால, "அது கோட்டிங்"னு மட்டும் சொன்னேன்.

அந்தம்மா எந்திரிக்கப் போறாவ. அப்ப சம்பந்தி எந்திரிச்சாவ.

"அண்ணாச்சி, அந்தக் கோட்டிங்கை நான் பாக்கணும்."

என் சர்வீஸ்ல என் பூச்சைப் பாக்கணும்னு கேட்ட முதல் மனுஷன் தம்பி அவரு. மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். அவரு எனக்கு முன்னால ஏறிப் போறாரு, ரெண்டு ரெண்டு படியா. அந்த வயசுல.

எல்லாத்தையும் விளக்கினேன். கம்பளி எதுக்கு, பூச்சு எதுக்கு, வெள்ளைக்கரு எப்படிப் பிடிச்சுக்கிடும். அவரு தூக்குவாளியைத் திறந்து பாத்தாரு. பாத்தா பாத்துக்கிட்டே நிக்காரு. இது வீணாப் போகுதான்னு கேட்டாரு. எந்தப் பொருளும் வீணாகக் கூடாதுங்கிற கொள்கை உள்ளவரு. உரத்துக்குன்னேன். உரத்துக்கான்னு மெதுவாத் திருப்பிச் சொன்னாரு. அப்புறம் அந்த இரும்புத் தகட்டைக் காட்டி, இது நல்லா சூடு ஏறியிருக்குமோன்னாரு. ஏறியிருக்கும்னேன். கொஞ்சம் யோசிச்சிட்டு, மஞ்சள் கருவுலயும் ஒரு பூச்சு செய்து பாக்கலாமே, தகட்டை உலை மேல படுக்கப் போட்டு ஒரு சோதனை பண்ணுவோமான்னு கேட்டாரு. பாருங்க, எனக்கு அது தோணவே இல்ல. படிச்சவங்க யோசனையே தனி.

அதுக்குக் கொஞ்சம் உப்பு வேணும்னாரு. பூச்சு இறுகுமாம். கீழ ஓடிப் போய் எடுத்துட்டு வந்தேன். அப்புறம் மிளகுத்தூள். வெடிப்பு விழாம இருக்குமாம். மறுபடி ஓடினேன். தகடு துருப்பிடிக்காம இருக்க ஒரு கரண்டி நல்லெண்ணெய். அதுக்கும் ஓடினேன். கடைசியா நாலு சின்ன வெங்காயம், பொடியா நறுக்கி. வெங்காயத்துல கந்தகம் இருக்காம் தம்பி, கந்தகந்தான் பிடிமானமாம். ஒவ்வொரு தடவையும் நடு வீட்டு வழியாத்தான் போகணும், வரணும். வெங்காயத்தைக் கொண்டு போகையில அந்தம்மா எதுக்குன்னு கேட்டாவ. கந்தகத்துக்குன்னேன். அவங்களுக்கு ஒண்ணும் புரியலை பாவம். மங்கை சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டு அடுக்களைக்குள்ள ஓடிட்டா. அடுக்களை வாசல்ல வடிவு, கூடத்துல பையன், ஒருத்தரை ஒருத்தர் பாத்து ஒரே சிரிப்பு. பிடிச்சுப் போயிட்டு போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

வெங்காயத்தைக் கொடுத்ததும், கொஞ்ச நேரம் தனியா இருந்து ஆராயணும், நீங்க வெத்திலை வாங்கிட்டு வாங்கன்னுட்டாரு. வாங்கிட்டு வந்து பாத்தா தகடு பளபளன்னு இருக்கு. ஒரு பொட்டு இல்ல. பூச்சு ஒட்டவே இல்ல போலிருக்கு. தூக்குவாளியும் காலி. என்னாச்சுன்னு கேட்டேன். காக்கான்னாரு. அவ்வளவையும் குடிக்கிற காக்காயை எங்க ஊருல நான் பாத்ததில்லை. அவரு மீசையில மஞ்சளா ஒட்டியிருந்துது, பாத்துக்கிடுங்க, காயாத பூச்சு, நெஞ்சுக்குள்ள போயிறக் கூடாதுன்னு சொல்லி நானே துண்டை நனைச்சுத் துடைச்சு விட்டேன். அவரு கண்ணுல தண்ணி. புகையினாலன்னு நினைச்சேன். என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "கல்யாணம் ஆனதுல இருந்து இப்படி ஒரு ஞாயித்துக்கிழமை எனக்கு வாய்க்கலை அண்ணாச்சி"ன்னாரு. ஒரு கோட்டிங் மனுஷனை எப்படி உருக்குது பாருங்க.

கீழ வந்ததும் இந்த இடந்தான், வேற இடம் பாக்க வேண்டாம்னு சொல்லிட்டாவ. அந்தம்மா, வீட்டுல முட்டை வாசம் வருதேன்னு இழுத்தாவ. அது விஞ்ஞானம்னாவ சம்பந்தி. அந்தம்மாவை எதுத்து அவரு பேசினதே அன்னைக்குத்தானாம், பையன் அப்புறம் வடிவுகிட்ட சொல்லியிருக்கான். தட்டு மாத்தியாச்சு. மங்கை என்கிட்ட வந்து, "நீங்க கோட்டியாவே இருங்க"ன்னா. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல என் வேலையை அவ புகழ்ந்தது அதான் முதல் தடவை.

அந்த முட்டைப் பூச்சு நிக்கலை, உள்ளதைச் சொல்லணும்லா. பெரிய சூட்டுல வெள்ளைக்கரு கருகிப் பொடியாக் கொட்டிட்டு. கடைசியில எது நின்னுது தெரியுமா? பாய்லர்க் கல்லு கட்டுறவங்க பயன்படுத்துற நெருப்புமண், அதுல கொஞ்சம் அதே சிலிக்கேட், மோர் மாதிரி கரைச்சு, மெல்லிசாப் பூசி, நல்லாக் காயவிட்டு, அதுக்கு மேல இன்னொண்ணு, அதுக்கு மேல இன்னொண்ணு. பொறுமைதான். சல்லிசு. ஒரு தூசி பறக்கலை. அந்த உலையிலதான் அரிவாமணை அடிச்சேன். சீர்ல நடுவுல வச்சோம். வடிவு தினமும் அதைப் பயன்படுத்துதா. காத்துல கதவு அடிக்காம இருக்க முட்டுக் கொடுத்திருக்கா, அசையாதாம்.

ஆனா நெருப்புமண்ணு சம்பந்திக்குப் பிடிக்கலை. போன்ல சொன்னப்போ ரொம்ப வருத்தப்பட்டாரு. முட்டை ஆராய்ச்சியை நாம பாதியில விடக்கூடாதுன்னாரு. அதனால ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மன்றத்துக் கூட்டம்னு வீட்டுல சொல்லிட்டு, ஊர்க்காரங்க கிண்டல் பண்ணக் கூடாதுல்லா, அம்பாசமுத்திரத்துக்கு வந்துருவாரு. அவருக்குன்னு தனியா ஒரு உலை. மேல அகலமாத் தகடு போடச் சொன்னாரு, போட்டுக் கொடுத்தேன். நான் வெள்ளையைப் பூசிப் பாப்பேன், அவரு மஞ்சளை ஆராய்வாரு. அவருக்கும் இன்னும் ஒண்ணும் ஒட்டலை. ஆனாலும் மனுஷன் விடலை பாருங்க, கொத்தமல்லி கூடப் போட்டுப் பாத்துட்டாரு.

இப்ப ஒரு சின்னச் சிக்கல். அதுக்குத்தான் போயிக்கிட்டு இருக்கேன். போன வாரம் அவருக்கு ரத்தம் சோதிச்சிருக்காவ. கொலஸ்ட்ரால் எங்கயோ போயி நிக்குதாம். அந்தம்மா எனக்குப் போன் போட்டு அழுதாவ. எங்க வீட்டுல கீரையும் கூட்டுந்தானே அண்ணாச்சி, நெய் கூட அளந்துதானே ஊத்துதேன், இது எங்க இருந்து வந்துதுன்னு கேட்டாவ. மன்றத்துலயும் வடை பாயசம் கிடையாதாமேன்னாவ. எனக்கு மனசு கேக்கலை. அவரு ஞாயித்துக்கிழமை மன்றத்துக்குப் போகலை, என் கூடத்தான் இருந்தாரு, எல்லாம் என் பூச்சுப் புகையினால வந்ததா இருக்கும், நான் நேருல வந்து விளக்கிச் சொல்லுதேன்னேன். அந்தம்மா ரொம்ப அமைதியா, வாங்க, முதல்ல இருந்து ஒண்ணு விடாமச் சொல்லுங்கன்னாவ. நல்ல குணமுள்ளவங்க.

சம்பந்திக்கு விஷயம் தெரிஞ்சதுல இருந்து போன் மேல போன். வர வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்ங்காரு. வந்தாலும் வெங்காயத்தை மட்டும் சொல்லாதீங்கங்காரு. அடக்கம் தம்பி. கந்தகம் அவரு கண்டுபிடிச்சது, அந்தப் பேரைக் கூட அவருக்கு எடுத்துக்கப் பிடிக்கலை. நான் விடுவேனா? வெங்காயத்தைத்தான் முதல்ல சொல்லப் போறேன். உப்பு, மிளகு, நல்லெண்ணெய், கொத்தமல்லி, எல்லாம் அவரு மூளைன்னு அந்தம்மாவுக்குத் தெரியணும்லா.

கோவில்பட்டி வந்துட்டு. கொஞ்சம் காலை ஒதுக்குங்க, இறங்கிக்கிடுதேன். அந்தா பாருங்க, ஸ்டாப்புலயே வந்து நிக்காவ. முன்னால இடுப்புல கை வச்சுக்கிட்டு நிக்கிறது சம்பந்தியம்மா. பின்னால ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி ஆட்டுதாரே, அவருதான் தெய்வநாயகம். என்னைக் கண்டதும் எவ்வளவு சந்தோஷம் பாருங்க அந்த மனுஷனுக்கு.